ஒகுவேனோ வாத்தியார் சேர்த்த கம்ப்யூட்டர்

மதர்போர்டில் உட்காரவே மாட்டேன் என்றது ப்ராசஸர். ஒகுவேனோ கட்டைவிரலால் இன்னும் ஓர் அழுத்து அழுத்தினார்.

“உடைச்சிடாதீங்க, அபியோ அப்பா. பேசாம ரெடியாவே ஒண்ணு வாங்கியிருக்கலாம்,” என்றாள் மனைவி அகேயோ.

“பதினெட்டு வருஷமா கணக்கு சொல்லித் தர்றேன். அஞ்சு சாமானைச் சேர்க்கத் தெரியாதா எனக்கு? பாதி விலையில முடிச்சுக் காட்டறேன் பாரு.”

காசு அவளுடையது. பெண்கள் சீட்டில் அவள் முறைக்கு வந்த இருபதாயிரம் ஷில்லிங். தேவாலயத்தின் பொன்விழா மலரை டைப் அடிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆரம்பிக்காவிட்டால் அது பாஸ்டரின் மச்சினிக்குப் போய்விடும்.

மறுநாள் கிசுமு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த ஒகுமுவின் பழைய சாமான் கடைக்குப் போனார் ஒகுவேனோ.

“வாத்தியாரே, இது ரெண்டும் ஜென்மத்துக்கும் சேராது,” என்றான் ஒகுமு. “ப்ராசஸரோடயே போர்டு ஒண்ணு இருக்கு. இதைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கங்க. மேல கொஞ்சம் ஆகும்.”

அந்தப் போர்டில், சந்தையில் சகாயமாக வாங்கியிருந்த மெமரி நுழையவில்லை. புதன்கிழமை, நுழைகிற மெமரியை ஒகுமுவிடமே வாங்கினார். வியாழக்கிழமை பவர் சப்ளையின் முனை சேரவில்லை.

“இந்தக் கம்பெனிக்காரன் ஒரு மாதிரி, வாத்தியாரே. அவன் போர்டுக்கு அவன் சப்ளைதான். நல்லவேளை, ஒண்ணே ஒண்ணு இருக்கு.”

“அதுவும் ஒகுமுகிட்டதான் இருந்துச்சா?” என்று கேட்டாள் அகேயோ.

“ஆமா. நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரேன்!”

வெள்ளிக்கிழமை, கேபினெட்டின் துளைகளும் போர்டின் துளைகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. ஒகுவேனோ தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தார். கேபினெட் போயிற்று. இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல். சீட்டுப் பணமும் தீர்ந்திருந்தது. அகேயோ வீட்டு ஆட்டை விற்றுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை இருவரும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். ஒகுமு உள்ளேயிருந்து ஒரு கேபினெட்டைக் கொண்டுவந்தான்.

“நான் மாட்டித் தர்றேன், வாத்தியாரே.”

“கையை எடு. இது என் வேலை.”

வாசலில் டீ விற்கும் நியபோக்கேயின் பெஞ்சில் பரப்பி, கட்டுப் போட்ட விரலோடு மாட்டினார். இந்த முறை எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. ஒவ்வொரு திருகும் சொன்ன பேச்சுக் கேட்டுத் தன் துளையில் இறங்கியது. கடை மானிட்டரைச் செருகி, பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது. திரை வெளிச்சமானது.

அகேயோ வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“பார்த்தியா?” என்றார் ஒகுவேனோ. “அஞ்சும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி சேர்ந்துபோச்சு!”

“வாத்தியார்னா வாத்தியார்தான்!” என்ற ஒகுமு, ஏதோ ஞாபகம் வந்தவன்போல் அவசரமாக உள்ளே போனான்.

டீ கொண்டுவந்த நியபோக்கே, கேபினெட்டின் மேலிருந்த வட்டக் கறையைத் தடவிப் பார்த்தாள்.

“அட, என் ஃப்ளாஸ்க் வெச்ச தடம்! முழுக் கம்ப்யூட்டரா எட்டாயிரம்னு ஒரு வருஷம் இங்க கெடந்தப்ப கேக்க நாதியில்ல. கழட்டிப் போட்டதும் யாரோ ரொம்பப் படிச்சவர் வந்து, ஒவ்வொண்ணா பன்னெண்டாயிரத்துக்கு அள்ளிட்டுப் போனாராமே, இந்தப் பெட்டியை மட்டும் விட்டுட்டாரா?”