ரெண்டு பயோவும் ஒரு வெள்ளிக்கிழமையும்

கோலா சாவா,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா வள்ளியம்மா அவர்களுக்கு,

தங்கள் தம்பி புனிதன் வணங்கி எழுதுவது. தங்கள் மூட்டுவலியும் மாமாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் லோகேஸ்வரியும் மகள் ஷாமினியும் உடம்பால் சுகம். மனதால் பத்து நாளாக ஒருவரும் சுகமில்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் கூப்பிட்டால் தாங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த முறை நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு மன்னிப்பு. ஷாமினி டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று அங்கே உங்கள் ஊர் சுங்கை சிப்புட் முழுக்கத் தாங்கள் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அது இல்லை அக்கா. இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஒன்று பயோகெமிஸ்ட்ரி, சிரம்பானில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். இன்னொன்று பயோடெக்னாலஜி, கோத்தா கினபாலுவில், விமானத்தில்தான் போகணும். நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டியிருந்தது. எது நல்லது என்று அவளைக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்பா, நீங்க சொல்றதுல போறேன்" என்கிறாள். இருபத்தெட்டு வருஷமாகத் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோர் வேலை பார்க்கிறேன், செம்பனைக் குலை பழுத்ததா இல்லையா என்று தூரத்திலிருந்தே சொல்லுவேன். இதில் எதைப் பார்த்து நான் சொல்வது?

எங்கள் எண்ணெய் மில் லேபில் வேலை செய்யும் கோமளாவைக் கேட்டேன். "ரெண்டு படிப்புக்காரங்களும் இங்க இருந்தாங்கண்ணே, ரெண்டு பேருமே இப்ப இன்சூரன்ஸ் விக்கிறாங்க லா" என்று சொல்லிவிட்டது அந்தப் பிள்ளை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் மம்பாவுக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன், அங்கே ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் சிவசுப்பிரமணியம் சார் இருக்கிறார். டீ கொடுத்து ஒரு மணி நேரம் விளக்கினார். "உயிருக்குள்ள என்ன நடக்குது எண்டு பாக்கிறது ஒண்டு, அதை வைச்சு என்ன செய்யலாம் எண்டு பாக்கிறது மற்றது. விளங்கிச்சுதோ?" விளங்கிருச்சு சார்னேன். "அப்ப எது வேணும்?" அதைக் கேக்கத்தான் சார் வந்தேன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, "என்ர மூத்தவனுக்கு நான்தான் தெரிவு செய்தனான். இண்டைக்கு வரைக்கும் என்னோட கதைக்கிறான் இல்லை"ன்னு சொல்லிட்டு, டீ ஆறுது, குடியும்னாரு. நான் எங்கேருந்து குடிக்கிறது?

லோகேஸ்வரி, சாமியைக் கேட்டுடலாம்னா. ரெண்டு சீட்டு எழுதி மடிச்சு முனியாண்டி காலடியில போட்டோம். பூசாரி திருச்செல்வம் கண்ணை மூடி ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. பிரிச்சா 'பயோ'ன்னு இருக்கு. இன்னொண்ணைப் பிரிச்சா அதுலயும் 'பயோ'. மிச்சத்துக்கு எனக்கு ஸ்பெல்லிங் வராததால அதோட நிறுத்தியிருந்தேன். "சாமி சரியாத்தான் எடுத்துக் குடுத்திருக்கு, மண்டோர்தான் சரியா எழுதல"ன்னு பூசாரி சொல்ல, லோகேஸ்வரி வீடு வர்ற வரைக்கும் என் மூஞ்சியப் பாக்கல. வியாழக்கிழமை காலையில ஆள் எடுக்கிற பெரட்டுல நின்னுக்கிட்டு, பத்தாம் நம்பர் காட்டுக்குப் போக வேண்டிய ஆளுங்களை முந்தாநாளே குலை வெட்டி முடிச்ச ரெண்டாம் நம்பருக்கு அனுப்பிட்டேன். மேனேஜர், "உனக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாரு. என் பொண்ணு காலேஜ் போகப் போறான்னேன். அதுக்கு ஏன்யா இப்படி முழிக்கிறேன்னாரு.

நேத்து மூணு மணி. ஷாமினி அடுப்படியில தட்டு கழுவிக்கிட்டு இருந்தா. இனிமே முடியாதுன்னு, "சரிம்மா, பக்கத்துல இருக்கிறதையே போட்டுடு"ன்னேன். "சரிப்பா"ன்னா. சொல்லிட்டு, கழுவி வச்ச தட்டையே எடுத்து மறுபடியும் கழுவுறா அக்கா. மூணாவது தட்டை அவ கையிலேருந்து நான் வாங்கிட்டேன்.

"அந்த கினபாலுதான் வேணுமா உனக்கு?"

குழாயை நிறுத்தினா. திரும்பல. கடல்பாசியிலேருந்து மருந்து எடுக்கிற ஒரு லேப் அங்க இருக்காம், ஒரு மேடம் இருக்காங்களாம், ரெண்டு வருஷமா இவ அந்த மேடம் வீடியோவெல்லாம் பாத்துக்கிட்டு இருக்காளாம். அரை மணி நேரம் பேசினா. இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு பேச்சு வரும்னு எனக்குத் தெரியாது.

"அப்புறம் ஏம்மா ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னே?"

"உங்களுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு ஆறு மாசம்தான்பா ஆவுது. நான் போயிட்டா சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு யாரு கொண்டு போவா?"

"கிராப் டாக்சி கூப்பிட்டுப் போறேன் லா!"ன்னு கத்திட்டேன். கோபம் இல்ல அக்கா, வேற என்னமோ. லோகேஸ்வரி ஓடி வந்து முதல்ல என் நெஞ்சைத்தான் தொட்டுப் பாத்தா. நாலே முக்காலுக்கு ஷாமினி தன் கையாலயே கம்ப்யூட்டர்ல பயோடெக்னாலஜிக்குச் சம்மதம் குடுத்துட்டா. இன்டர்நெட் லைன் ரெண்டு தடவை சுத்தினப்ப நான் நெஞ்சு மாத்திரையைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணும் தேவைப்படல.

ஆகவே அக்கா, யார் கேட்டாலும் பயோடெக்னாலஜி என்று சொல்லவும். மேலே மேலே படித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றுதான் போடுவார்களாம். அதனால் தாங்கள் சொன்னது பொய் இல்லை, கொஞ்சம் முந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். செப்டம்பரில் அவள் கிளம்பும்போது மாமாவோடு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போங்கள். வீட்டில் தட்டு கழுவும் சத்தம் குறைந்துவிடும். மாமாவுக்கு என் வணக்கமும், அங்குள்ள பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகளும்.

தங்கள் அன்புத் தம்பி,
புனிதன்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் ஷாமினி இதை வாங்கிப் படிச்சா. படிச்சுட்டுத் தரையில உக்காந்து சிரிச்சா. நான் ரெண்டையும் மாத்தி எழுதியிருக்கேனாம். ரயில்ல போறதுதான் பயோடெக்னாலஜியாம், கினபாலுதான் பயோகெமிஸ்ட்ரியாம். பத்து நாளா வாத்தியார், கோமளா, சாமி எல்லார்கிட்டயும் நான் அப்படியேதான் கேட்டிருக்கேன். சம்மதம் குடுத்தது அவ கையாலங்கிறதால அது மட்டும் சரியா போயிருக்கு. ஆகவே மேலே கெமிஸ்ட்ரி என்று வரும் இடத்தில் டெக்னாலஜி என்றும், டெக்னாலஜி என்று வரும் இடத்தில் கெமிஸ்ட்ரி என்றும் திருத்திப் படித்துக்கொள்ளவும். தூரத்தை மட்டும் திருத்த வேண்டாம் அக்கா. அதை நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்.