கொள்ளுத்தாத்தாவும் முன்னோர் விசாரணைச் சங்கமும்

செத்துப்போனவர்களை இவ்வளவு தொந்தரவு செய்த மனிதர் திருவள்ளூர் தாலுகாவில் அவருக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. பாவம், அவரவர் பாட்டுக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தட்டி எழுப்பி, "நீ யார் பிள்ளை? கூடப் பிறந்தவர்கள் யார் யார்? பெண் எடுத்தது எந்த ஊரில்?" என்று கேட்காத குறை. அவர்கள் பதில் சொல்ல மாட்டார்களே, அதனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்.

ஊரில் அவருக்குக் கொள்ளுத்தாத்தா என்று பெயர். நான் பார்த்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தலையில் ஒரு நரை கிடையாது. யாரைக் கண்டாலும், "உங்க கொள்ளுத்தாத்தா பேரு இன்னா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது.

தொழில், கோலி சோடா கம்பெனி. கம்பெனி என்றால், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டுக் கொட்டகை, கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று, பாட்டில் கழுவ ஒரு தொட்டி, பின்கட்டில் குடித்தனம். வெயிலில் நாக்கு வறண்டு வருகிறவனிடம் பாட்டிலை எடுத்துக் கோலியின்மேல் கட்டை விரலை வைப்பார். ஆனால் அழுத்த மாட்டார்.

"கொள்ளுத்தாத்தா பேரு?"

"தெரியாதுண்ணா, சோடாவக் குடு."

"தாத்தா பேராவது தெரியுமா?"

தாகத்தில் துடிக்கிறவன் தாத்தா பேரைச் சொல்லிவிடுவான். சில பேர் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டுக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களை மறுவாரம் கண்டுபிடித்து, "உங்க தாத்தா கோவிந்தசாமி இல்லியாமே, உங்க பெரியம்மாவக் கேட்டேன்" என்பார்.

அறுபதுகளின் நடுவில் நான் திருவள்ளூரில் ஒரு ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வெளியூர்க்காரன், கட்டைப் பிரம்மச்சாரி. சாயங்காலம் ஆனால் போக்கிடம் கிடையாது. என்னுடைய கொள்ளுத்தாத்தா பெயரைத் தடங்கல் இல்லாமல் சொன்ன ஒரே குற்றத்துக்காக என்னை 'திருவள்ளூர் தாலுகா முன்னோர் விசாரணைச் சங்க'த்தின் செக்ரெட்டரி ஆக்கிவிட்டார். அவர் பிரசிடெண்ட். வேறு மெம்பர் யாரும் இல்லை. போர்டு மாட்டிய மறுநாளே ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். 'விசாரணை' என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. "விசாரிக்கறதுக்கு நாங்க இருக்கோம், நீ யாருய்யா?" என்றார். கொள்ளுத்தாத்தா பாட்டிலை எடுத்துக் கோலியின்மேல் கட்டை விரலை வைத்தார். போலீஸ்காரர் திரும்பிப் போனபோது சங்கத்துக்கு நான்கு தலைமுறை கிடைத்திருந்தது.

வம்சாவளி எழுதப் பெரிய தாள் வேண்டுமே? டூரிங் டாக்கீஸில் போஸ்டர் ஒட்டுகிறவன் மிச்சப் போஸ்டர்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சோடா குடித்துவிட்டுப் போவான். அதன் பின்பக்கம்தான் எங்கள் ஆவணம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நாலாவது தலைமுறைக்கு நடுவில் ஒருவர் வாளோடு பாய்வது தெரியும்.

ஒரு தடவை ஆந்திரா எல்லையில் இருக்கிற எளாவூர் செக்போஸ்டுக்குக் கூட்டிப்போனார். லாரிகள் காத்துக் கிடக்கிற இடம், டிரைவர்களுக்கு வேலை இருக்காது, நின்று பதில் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. முதல் டிரைவர் ஆந்திராக்காரர். கேள்வி புரியாமல், "டப்பு வேணுமா நைனா?" என்று ஜேபியில் கையை விட்டார். இரண்டாவது லாரிக்கு நாங்கள் போவதற்குள் செக்போஸ்ட் சிப்பாய் வந்து கொள்ளுத்தாத்தாவின் கக்கத்தில் இருந்த சுருளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா இது?"

"எங்க வம்சம் சார்."

சிப்பாய் சுருளைத் தப்பான பக்கமாகப் பிரித்தார். ஒரு நடிகை ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு சிரித்தாள். சிப்பாய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பத்திரமாகச் சுருட்டிக் கையில் கொடுத்து, "குடுத்து வச்சவன்யா நீ" என்றார்.

இப்படியெல்லாம் சிரிப்புக்கு இடமாக இருந்தாலும், எழுதுகிற விஷயத்தில் மனிதர் நெருப்பு. ஆர்.கே.பேட்டையில் ஒரு ரைஸ்மில் முதலாளி இருந்தார். தம்முடைய முன்னோர் ஏதோ அரச வம்சம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதைச் சங்கம் உறுதிசெய்து கொடுத்தால், சங்கத்துக்குத் தனி ரூம் கட்டி பேன் போட்டுத் தருவதாகச் சொன்னார். கொள்ளுத்தாத்தா இரண்டு மாதம் அலைந்து விசாரித்துவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"உங்க கொள்ளுத்தாத்தா அரமனையிலதான் இருந்தாருங்க" என்று ஆரம்பித்தார்.

"அப்படிச் சொல்லு!"

"குதிரைக்குக் கொள்ளு வச்சிக்கினு இருந்தாரு. ஒரு வகையில பாத்தா நெஜமாவே கொள்ளுத்தாத்தா."

மில் முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "அவர அந்தக் குதிரை மேல ஏத்தி எழுதக் கூடாதாய்யா? யாருக்கு இன்னா நஷ்டம்?"

"அவரு ஏறலீங்களே" என்றார் கொள்ளுத்தாத்தா, உண்மையான வருத்தத்தோடு. பேன் காற்று எங்கள் சங்கத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவருடைய சொந்த வம்சாவளியை மட்டும் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார். மேலே ஏழு தலைமுறை. அப்பா ஒற்றைப் பிள்ளை, தாத்தாவும் ஒற்றைப் பிள்ளை. அதை எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். கடைசியில் அவர் பெயர், பக்கத்தில் சம்சாரம் சரோஜா பெயர். அதற்குக் கீழே வெறும் தாள். விளக்கம் அந்த இடத்துக்கு வரும்போது, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற சரோஜா அக்கா ஏதோ வேலை இருப்பதுபோல் பின்கட்டுக்குப் போய்விடுவார். மற்ற நேரங்களில் அவர் வாயைக் கட்ட முடியாது. "உயிரோட இருக்கறவங்களுக்கு சோடா போட்டுக் குடுய்யான்னா, செத்தவங்களோட குடித்தனம் பண்ணிக்கினு கீறாரு. பேஜாரு!" என்பார் என்னிடம்.

அந்த வீட்டுக்குத்தான் பவுனு வேலை கேட்டு வந்தாள். பர்மாவிலிருந்து அகதிகளாகக் கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்துகொண்டிருந்த காலம். புருஷனை அங்கேயே பறிகொடுத்தவள். கூட ராணி என்று பாவாடை கட்டிய மகள். பாட்டில் கழுவ ஆள் வேண்டியிருந்தது. சரோஜா அக்கா சரி என்றார். கொள்ளுத்தாத்தா வழக்கம்போலக் கேட்டார்.

"உன் கொள்ளுத்தாத்தா பேரு இன்னாமா?"

பவுனு நின்றாள். "எங்கப்பா பேரு ஏழுமலைங்க முதலாளி. அதுக்கு மேல தெரியாது. நான் அங்கியே பொறந்தவ. எங்க சொந்த ஊரு பக்கத்துல ஒரு ஏரி, அதுல தண்ணி உப்புக் கரிக்கும்னு அப்பா சொல்வாரு. ஊரு பேரு சொன்னாரு, எனக்குத்தான் மறந்து போச்சு." சொல்லிக்கொண்டே வந்தவள் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெயர் தெரியாததற்கு அழுத ஒரே ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொள்ளுத்தாத்தாவும் அன்றைக்குத்தான் பார்த்திருக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் ஏரி என்றால் பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையைச் சாத்திவிட்டு, பவுனுவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பொன்னேரி போய் பஸ் மாறுவார். திருப்பதிக்குப் பக்கத்துச் சீமை. வீட்டுக்கு ஒரு ஏழுமலை இல்லாமல் இருப்பானா? குப்பத்து மணலில் நின்று, "ஏழுமலை!" என்று கூப்பிட்டால் வலை பிரிக்கிறவன், படகுக்குத் தார் பூசுகிறவன், மூக்கு ஒழுகுகிற குழந்தை எல்லாம் திரும்பிப் பார்க்கும். "பர்மா போன ஏழுமலை?" என்றால் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

ஒரு குப்பத்தில் ஒரு வயசான அம்மா பவுனுவின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொள்ளுத்தாத்தா பென்சிலை எடுத்துக்கொண்டார். "எங்கண்ணன் ஜாடைதான்" என்றார். "அவனும் கப்பல் ஏறனவன்தான். ஆனா அவன் பேரு ஏழுமலை இல்லியே." சொல்லிவிட்டும் முகவாயை விடவில்லை. "இல்லன்னா இன்னா? ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ." பவுனு அந்த வீட்டில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டாள்.

இப்படியே வருஷங்கள் போயின. ஏரியைச் சுற்றிக் கேட்காத வீடு இல்லை. ராணி பாவாடையிலிருந்து தாவணிக்கு வந்து, தாவணியிலிருந்து புடவைக்கும் வந்துவிட்டாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பாக்டரிகள் வர ஆரம்பித்த காலம். அங்கே போல்ட்டு நட்டு செய்கிற கம்பெனியில் வேலையாக இருந்த ஒரு பையனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பையனுடைய அப்பா மேஸ்திரி. எங்கே மேஸ்திரி? அந்த ஆர்.கே.பேட்டை ரைஸ்மில்லில்! பெரிய மனிதர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று முதலாளியையே அழைத்து வந்துவிட்டார். கொள்ளுத்தாத்தாவும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பையனுடைய அத்தைதான் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா உங்க ஜனம் யாரு? தாய்மாமன் யாரு? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு ஊட்டுக் கதவ நாங்க தட்டறது?"

பவுனு தலை குனிந்தாள். ராணி உள்ளே போய்விட்டாள். கொள்ளுத்தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தாய்மாமன் நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் நிறுத்தவில்லை. "எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி, முனுசாமின்னு. பழவேற்காடு பக்கம் பொண்ணு எடுத்துக்கினு அங்கியே தங்கிட்டாரு. அவரு புள்ளதான் ஏழுமலை, பர்மா போனவரு. அவரு பொண்ணு பவுனு. எனக்குத் தங்கச்சி முறை."

அத்தை விடவில்லை. "தங்கச்சின்ற, அது உன்ன முதலாளின்னு இல்ல கூப்புடுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா அக்கா முந்திக்கொண்டார். "கடையில முதலாளி, ஊட்ல அண்ணன். நான்தான் அப்படிக் கூப்டச் சொன்னேன். வேலைல எடம் குடுக்கக் கூடாது பாருங்க. எங்க மாமியாரு கண்ண மூடற வரைக்கும் அந்த முனுசாமி மாமாவப் பத்தியே பேசுவாங்க."

"செக்ரெட்டரி சாரு கீறாரு, கேளுங்க" என்றார் கொள்ளுத்தாத்தா, என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாம். சங்கத்துல எல்லாம் விசாரிச்சாச்சு" என்றேன்.

அப்போதும் அத்தைக்கு மனசு இறங்கவில்லை. அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த ரைஸ்மில் முதலாளி எரிச்சலோடு எழுந்தார். "அட, தட்ட மாத்துங்கய்யா! வம்ச விஷயத்துல இந்த ஆளு வாயில பொய் வருமா? எனக்கே வரலியே!"

பவுனு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "அண்ணா, தட்டுல பூ வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கல்யாணம் கும்மிடிப்பூண்டியில் நடந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய அத்தனை சீரையும் செய்து, மாலையோடு நின்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏண்ணே, உங்க தாத்தாவுக்குத் தம்பி இருந்தாரா?"

வெளியே வயல்களுக்கு நடுவில் புதிதாக எழும்பிய பாக்டரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இருந்திருந்தா நல்லாத்தானே சார் இருந்திருக்கும்?" என்றார்.

அதற்குப் பிறகு சங்கம் அவ்வளவாகக் கூடவில்லை. ராணியின் பிள்ளை லீவுக்கெல்லாம் திருவள்ளூருக்கு வந்துவிடுவான். அவன் அவரை வெறும் தாத்தா என்று கூப்பிட்டான். பதவி ஒரு படி இறங்கிவிட்டது என்று நான் கேலி செய்வேன், அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். எனக்கு மாற்றலாகி, வேறு வேறு ஊர், வேறு வேறு ஆபீஸ் என்று ஓடிவிட்டது. அவர் போன செய்தி ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கொள்ளி வைத்தது ராணியின் புருஷனாம்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், திருவள்ளூரில் ஒரு அண்ணன் இருந்தார் என்றுதான் சொல்லி வருகிறேன்.