பாலசிங்கத்தாரின் பல்முரசு

மூன்றாம் நாளும் பாலசிங்கம் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.

"முரசால இரத்தம் வருது. பிள்ளையிட்டச் சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி இரத்தினேஸ்வரி.

"மெல்லக் கதையப்பா! மானம் போகும்."

போகத்தான் செய்யும். மகள் கஜந்தினி திங்கட்கிழமை திருகோணமலையில் பல் டொக்டராக வேலை தொடங்குகிறாள். எங்கள் ஊரான சல்லியின் சந்தியில் அவளுடைய படத்தைப் பெரிதாகக் கட்டியவர் இவர். "முதல் நோயாளி நான்தான், பார்க்க வாங்கோ!" என்று கரைவலை இழுக்கும் மீனவர் அத்தனை பேரையும் கூட்டிப்போக வேன் பிடித்தவரும் இவரே. ஊரே எட்டிப் பார்க்க, டொக்டரின் தகப்பன் வாயிலிருந்தா இரத்தம் வழிவது?

உப்பையும் கரியையும் கலந்து தேய்த்தார். பல் ஈறு, அதுதான் முரசு, வீங்கியது. வீக்கத்தை அடக்க, விறைத்த தும்புப் பிரஷால் நாளுக்கு ஐந்து தரம் தேய்த்தார். புண்ணானது. புண்ணுக்குக் கராம்பு எண்ணெயை அள்ளிப் பூசினார். அவர் போட்ட சத்தம் வேலிக்கு இப்பால் எங்களுக்கே கேட்டது. நாங்கள் ஒட்டுக்கேட்கிறவர்கள் இல்லை, வேலி அப்படி.

"வேனை நிப்பாட்டுங்கோ," என்றாள் இரத்தினேஸ்வரி.

"ஏலாது. இப்பதான் ரெண்டாவது வேனும் பிடிச்சனான்!"

சனிக்கிழமை, தன்னை ஒருவரும் அறியாத கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினார். அங்கே பல் டொக்டர் முனீபிடம் பெயர் சோமசேகரம், ஊர் வெருகல் என்று பதிந்தார்.

முனீப் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கியிருக்கீங்க. ஆனா தொடக்கம் அதில்ல. நித்திரை வருதா?"

"ஒரு கிழமையா இல்லை."

"பல்லைக் கடிக்கிறீங்களா?"

"கடிக்கிற சத்தத்தில மனுசிக்கும் நித்திரை இல்லை."

"மனசில பாரம் கூடினா உடம்பு சோர்ந்திரும், முரசு லேசில ஆறாது. அப்படி என்ன கவலை?"

பாலசிங்கம் கதிரையில் நிமிர்ந்தார். "கவலையோ? எனக்கோ? பெருமை டொக்டர், பெருமை! என்ர மகளைப் பற்றி..." வெருகல் சோமசேகரம் ஞாபகத்துக்கு வர, வாயை மூடிக்கொண்டார்.

மருந்தைச் சுற்றிக் கொடுத்த தாதி பஹ்மியா இரங்கிச் சொன்னாள்:

"வெக்கப்படாதீங்க ஐயா. நேத்து சல்லியில இருந்து வந்த பல் டொக்டர் பிள்ளைக்கும் இதே முரசு வருத்தம்தான். அப்பா ஊரெல்லாம் சொல்ற அளவுக்குத் தனக்கு வேலை செய்ய வருமோ எண்டு ஒரு மாசமா நித்திரை இல்லையாம்!"