பேர் கூப்பிட்டு வாங்கிய கார்

பேராக் மாநிலத்திலேயே காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத ஆள் யார் என்று போட்டி வைத்திருந்தால், எங்கள் பெரட்டு அண்ணே கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருப்பார். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. என்ஜின் காரின் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கம் இருக்கிறதா என்பதில் கடைசிவரை அவர் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் எழுபதுகளின் கடைசியில், ஈப்போ புந்தோங்கில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் யாரும் அவரைக் கூட்டிப்போகாமல் பழைய கார் வாங்கியதில்லை. நானும் அவர் இல்லாமல் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என் மச்சான் கல்யாணம் ஒழுங்காக நடந்திருக்கும்; எழுத எனக்கும் ஒன்றும் இருந்திருக்காது.

ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அதற்குப் பெரட்டு என்று பெயர். கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருஷம் பெரட்டில் பேர் கூப்பிட்டவர் அவர். கூப்பிட்டு முடித்து, லாரியின் பின்பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்!" என்பார். ஆட்களோடு லாரி போய்விடும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து ஓர் அரிசிக் கிடங்கில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. தோட்டம் போனாலும் தொண்டை போகவில்லை. அவர் இருமினால் எங்கள் வரிசையில் மூன்று வீட்டுக் கதவு திறக்கும்.

பேர் கூப்பிடுகிற பழக்கமும் அவரை விடவில்லை. காலை பஸ்ஸில் ஏறியதும் தினம் வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். ஒருநாள் தையல்காரப் பத்மா அக்காவைக் காணோம். பஸ்ஸை எடுக்க விடாமல் படியில் நின்றுகொண்டார்.

"ஒரு ஆள் கொறையுது டிரைவரே!"

"அவங்களுக்குக் காய்ச்சலாம், இப்பத்தான் சொன்னாங்க. நீங்க உள்ள ஏறுங்கண்ணே!"

"காய்ச்சல்னா வந்து சொல்லிட்டுப் படுக்க வேண்டியதுதானேலா?"

டிரைவர் அன்றைக்கு வாய்விட்டு அழாதது அவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

இனி என் கதை. நான் அப்போது ஒரு பலகைப் பட்டறையில் வேலை. வீட்டில் நான், மனைவி சரோஜா, நான்கு பிள்ளைகள், அப்பா, தங்கச்சி என்று எட்டுப் பேர். ஒரு டாக்சியில் அடங்காத குடும்பம். எங்கே போனாலும் இரண்டு டாக்சி, டாக்சிக்கு நான்கு பேர். அப்படித்தான் ஒருமுறை தைப்பிங்கில் ஒரு விசேஷத்துக்குப் போனோம். வழியில் கோலா கங்சார் பஸ் நிலையத்தில் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்க சரோஜா இறங்கினாள். என் டாக்சியில் இருந்த நாங்கள், அவள் என் அப்பா இருந்த டாக்சியில் ஏறிவிட்டாள் என்று நினைத்தோம். அப்பா டாக்சிக்காரர்கள் அவள் எங்களோடு இருப்பதாக நினைத்தார்கள். தைப்பிங்கில் இறங்கிப் பார்த்தால் எட்டு ஏழாகி இருக்கிறது.

நான் இரண்டு டாக்சிக்குள்ளும் குனிந்து குனிந்து தேடினேன். அப்பா மட்டும் நிதானமாக, "அவ பஸ்ஸைப் புடிச்சு வந்துருவா, நீ சாப்பிடு" என்றார். நல்லவேளை, நான் சாப்பிடவில்லை. அதே டாக்சியில் கோலா கங்சாருக்குத் திரும்பி ஓடினேன். சரோஜா பெஞ்சில் உட்கார்ந்து, கடைசி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே எட்டுப் பேரும் ஒரே வண்டியில போறதா இருந்தா வாரேன். இல்லாட்டி வரல. என் தம்பி கல்யாணமா இருந்தாலும் சரிதான்."

தம்பி கல்யாணம் சித்தியவானில், அடுத்த மாதம். தாலியில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டால் மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அந்த அக்கா இவள். இவளுக்கு வேறு உடன்பிறப்பு கிடையாது. நான் மூன்று வரிசை சீட் உள்ள வேகன் கார் வாங்கவில்லை என்றால் மச்சான் தாலி இரண்டு முடிச்சோடு தொங்கும். பெண்டாட்டி சொன்ன சொல்லை மாற்றுகிற ரகம் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பெரட்டு அண்ணேயிடம் போனேன். கேட்ட மாத்திரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எல்லாரையும் கூட்டிட்டு வா தம்பி. ஆள் இல்லாம காரை எப்படிப் பாக்குறது?"

அதுதான் அவர் முறை. அவர் காரின் மூடியைத் திறக்கமாட்டார். டயரை உதைக்கமாட்டார். நேராகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, மூன்றடுக்குத் தூக்குச்சட்டி நிறைய சாம்பாரைக் காலடியில் வைத்துக்கொள்வார். குடும்பம் முழுக்க ஏற வேண்டும். வண்டி ஓடும்போது ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவனும் சொல்ல வேண்டும். ஒரு பேருக்காவது பதில் காதில் விழவில்லை என்றாலோ, ஒரு சொட்டு சாம்பார் சிந்தினாலோ கார் உதவாது.

"முன்னால உக்காந்து பாத்தா எல்லாக் காரும் நல்ல கார்தான் தம்பி. பின்னால இருக்கிறவன யாரு கேக்குறா?" என்பார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை தோறும் எட்டுப் பேரும் தலைவாரிப் பூவைத்து, முன்னால் ஒருவர் சாம்பாரோடு நடக்க, பழைய கார் கடைக்கு ஊர்வலம் போனோம். கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர்; எங்கள் ஆட்களிடம் பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். முதல்முறை எங்களைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார்.

"கோயில் அந்தப் பக்கம்லா!"

"நாங்க கார் பாக்க வந்தோம் தவுக்கே."

"சாம்பார் எதுக்கு?"

"அது காருக்கு" என்றார் பெரட்டு அண்ணே.

முதல் வேகனில் கடைசி சீட் பின்பக்கம் பார்த்து இருந்தது. உட்கார்ந்தால் பின்னால் வருகிற லாரிக்காரனோடு முகத்துக்கு முகம் பேசலாம். "பெரட்டுல முதுகைக் காட்டிக்கிட்டு எவனாச்சும் பேர் சொல்லுவானா?" என்று இறங்கிவிட்டார். இரண்டாவதில் கடைசி ஜன்னல் திறக்கவில்லை. வாந்தி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். தவுக்கே, வாந்தி வராது என்று சத்தியம் செய்தார். பாதி வழியில் என் மூன்றாவது மகன் தவுக்கேயின் சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. மூன்றாவது வேகன் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற சத்தம் போட்டது. "சரோஜா!" என்று அவர் அலறினார். நடுவரிசையில் இருந்த இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரோட்டோரம் போன வேறொரு சரோஜா திரும்பிப் பார்த்தாள். அந்தக் காரும் போயிற்று.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அப்பா பொறுமை இழந்துவிட்டார். "காரு வாங்குறானா, காருக்குப் பொண்ணு பாக்குறானா?" என்று கேட்டார்.  சரோஜா கல்யாணப் புடவையை எடுத்துத் தடவிப்பார்த்து, மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்தாள். 

நான்காவது வேகன் நீலம். முன்னால் மூன்று, நடுவில் மூன்று, பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். லூமுட் பக்கம் ஒரு கருவாட்டு வியாபாரி வைத்திருந்தது. கதவைத் திறந்ததும் கடலே எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. தங்கச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெரட்டு அண்ணே மட்டும் அசையாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பழைய ஈயச்சுரங்கம் பக்கத்துக் கல்லு ரோட்டில் ஓட்டினேன். எட்டுப் பேரையும் கூப்பிட்டார். எட்டு "இருக்கேன்" வந்தது. தூக்குச்சட்டியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இதான் தம்பி கார்."

"நாத்தம் அடிக்குதேண்ணே!"

"மூக்கைப் புடிச்சிக்கிட்டும் பேர் சொல்லலாம்லா."

என்ஜின் எப்படி என்று கேட்டேன். "அது மெக்கானிக்கோட பெரட்டு" என்றுவிட்டார். மெக்கானிக் பார்த்துச் சரி என்றதும் வாங்கினேன். தவுக்கே கைகூப்பி வழியனுப்பினார். எங்களை இனிமேல் பார்க்க வேண்டாம் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணத்தன்று விடியுமுன் கிளம்பினோம். ஒன்பதாவது இடம் காலியாக இருந்ததால் பெரட்டு அண்ணேயும் வந்தார், சாம்பாரோடு. வழியில் போத்தாவில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். எல்லாரும் ஏறியதும் அவர் வேகனுக்குப் பின்னால் நின்று எட்டுப் பேரையும் கூப்பிட்டார். எட்டுப் பதிலும் வந்தது. பின்கதவை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்!" என்றார்.

நான் போய்விட்டேன்.

ஆயர் தாவாரை நெருங்கும்போது சரோஜா திரும்பி, "என்னண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றாள். பின் வரிசையில் தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான் இருந்தார்கள். அவர் முன்னால் ஏறியிருப்பார் என்று அவர்கள் நினைத்தார்களாம். நாங்கள் அவர் வழக்கம்போல் பின்னால் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்திருப்பதாக நினைத்தோம். இரண்டு டாக்சியில் செய்த தப்பை ஒரே காருக்குள் செய்ய எங்கள் குடும்பத்தால்தான் முடியும்.

"திருப்புங்க" என்றாள் சரோஜா.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முகூர்த்தம் போயிரும்மா. அவரு பஸ்ஸைப் புடிச்சு வந்துருவாரு."

காருக்குள் கருவாட்டு வாசனை மட்டும்தான் அசைந்தது. சரோஜா மெதுவாகக் கேட்டாள்.

"தைப்பிங்குல என்னையும் இப்படித்தான் சொன்னீங்களா மாமா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வண்டியைத் திருப்பினேன்.

போத்தாவில் அதே இடத்தில், தூக்குச்சட்டியோடு அவர் நின்றிருந்தார். பதற்றமே இல்லை. எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"எதை மறந்துட்டீங்க?"

"உங்களைத்தாண்ணே!"

"என்னையா?" உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "என் பேருதான் லிஸ்ட்ல இல்லையேமா. பெரட்டுல கூப்பிடுறவன் பேர யாரு எழுதுவா? நான் கூப்பிடுவேன், லாரி போயிரும், நான் நிப்பேன்."

பிறகு வேகனைச் சுற்றி வந்தார். "வெளிய நின்னு பாத்தாத்தான் தெரியுது தம்பி, பின்டயரு ஒண்ணு ஆடுது."

சரோஜா காரைவிட்டு இறங்கினாள். "உங்க பேரு என்னண்ணே?"

இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அவர் செருப்பைப் பார்த்தார், சாம்பாரைப் பார்த்தார். பிறகு சொன்னார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. சரோஜா நிமிர்ந்து நின்று, அவர் கூப்பிடுகிற மாதிரியே உரக்கக் கூப்பிட்டாள்.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கேன்மா" என்றார்.

சித்தியவான் மண்டபத்து வாசலில் வேகன் நிற்கும்போது கெட்டிமேளம் கேட்டது. மாப்பிள்ளை இரண்டு முடிச்சும் போட்டாயிற்று. மூன்றாவது முடிச்சுக்கு ஆள் இல்லாமல், யாரோ ஓர் ஒன்றுவிட்ட அக்காவை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரோஜா ஓட முடியாமல் ஓடினாள். பெரட்டு அண்ணே வாசலில் நின்று, ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்.

"நிப்பாட்டு! மூணாவது முடிச்சு வந்துகிட்டு இருக்கு!"

தவில்காரர் கை அந்தரத்தில் நின்றது. ஐயர் மந்திரத்தை விழுங்கினார். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஒரு பெரியவர் மடியில் ஊற்றினார். மணமேடையில் ஏறிய சரோஜா மூச்சிரைக்க முடிச்சைப் போட்டாள். போட்டு முடித்துவிட்டு அழுதாள். குனிந்த தலை நிமிராமல் இருந்த கல்யாணப் பெண், கருவாட்டு வாசனை எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த நீல வேகன் எங்களிடம் பல வருஷம் ஓடியது. பெரட்டு அண்ணே அது ஓய்வதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை ரொம்பவும் தேடுகிறது என் மனசு. இப்போது வேறு கார், பேரப்பிள்ளைகளோடு வேறு கூட்டம். கிளம்பும்போது பேர் கூப்பிடுவது சரோஜாதான். முதல் பேர் அவருடையது. அதை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் காருக்குள் கூப்பிடுகிற பேர். கடைசி வரிசையிலிருந்து யாராவது ஒருவர் "இருக்காரு" என்று சொல்லும்வரை நான் சாவியைத் திருகுவதில்லை.