புது சிஸ்டம் சொன்ன பயிற்சி

இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெயின்ட் பிரஷ்ஷைக் கையால் தொடுவதில்லை என்று தலைமைக் கணக்கர் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டுச் சபதம் எடுக்கும் பழக்கமெல்லாம் கல்யாணத்தோடு போயே போய்விட்டது.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை மனைவியின் அண்ணன் வருகிறார். வந்தால் சும்மா உட்காரமாட்டார். சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், "ம்" என்பார். அந்த ஒற்றை "ம்"முக்காக, அவர் வருவதற்குள் ஹாலுக்குப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்று மனைவி தீர்மானித்துவிட்டாள். ஆள் வைத்து அடிக்கலாமே என்று கணக்கர் மெல்ல இழுத்துப் பார்த்தார். "ஏன், நீங்க ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். இல்லை என்று எந்த ஆண்பிள்ளையாவது ஒப்புக்கொள்வானா?

ஞாயிற்றுக்கிழமை டிவியில் கிரிக்கெட் இறுதி ஆட்டம் வேறு இருந்தது. வருஷம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அதைப் பார்க்காமல் விடுவதா? நல்லவேளையாக ஆபீஸ் கைகொடுத்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதியதை ஏற்றுகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த வேலைக்கு டெக்னீஷியன் ஒருவர் போதும். ஆனால் அது வீட்டுக்குத் தெரியாதே! ஆபீசில் உட்கார்ந்தபடியே ஆட்டத்தையும் பார்த்துவிடலாம்.

"சனி ஞாயிறு ரெண்டு நாளும் நான் ஆபீஸ் போகணும்மா. சிஸ்டம் மாத்துறாங்க."

"மாத்துறவங்க மாத்திட்டுப் போறாங்க. நீங்க எதுக்கு?"

"நல்லா கேட்டே! நான் பக்கத்துல இல்லேன்னா மொத்தக் கணக்கும் காத்துல பறந்துடும்."

"பிரின்டர் ஓடலைன்னு கம்ப்யூட்டர் தலையில ரெண்டு தட்டு தட்டினவர்தானே நீங்க?"

"அது பழைய சிஸ்டம். அதுக்கு அதுதான் வைத்தியம். இது புதுசு. பக்குவமா நடந்துக்கணும்."

"சரி, போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை சுலபமாக அவள் "சரி" சொன்னால் அடிவயிற்றில் புளி கரைக்க வேண்டாமோ? கணக்கருக்குக் கரைக்கவில்லை. சந்தோஷத்தில் அவர் வயிறு நிறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஆபீசில் ஈ காக்காய் இல்லை. அடுத்த அறையில் டெக்னீஷியன் மட்டும் ஒவ்வொரு கம்ப்யூட்டராக நோண்டிக்கொண்டிருந்தார். பருத்த மனிதர், பேச்சில் கஞ்சன்.

"சார், உங்க மெஷின்ல நேத்தே ஏத்திட்டேன். பாஸ்வேர்டு போட்டு உள்ள போங்க. இது ரொம்ப புத்திசாலி சார். நீங்க என்ன பண்றீங்கன்னு கவனிச்சுக்கிட்டே இருக்கும்."

"கவனிக்குமா? என்னையா?"

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கணக்கருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. இரண்டு முறை கேட்டு வாங்கியாயிற்று. மூன்றாவது முறை கேட்டால் மானம் போகும். உலகத்தில் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாஸ்வேர்டு ஒன்றே ஒன்று. வீட்டு டேப்லெட்டுக்கு மனைவி போட்டு வைத்த கல்யாண நாள். ஒரு வருஷம் அந்தத் தேதியை மறந்துவிட்டுப் பட்டபாட்டில், அது அவர் எலும்பிலேயே பதிந்துவிட்டது. டேப்லெட்டில் இருந்த வீட்டுக் கணக்கின் பெயரையும் அந்தத் தேதியையும் தட்டினார். கம்ப்யூட்டர் "வருக" என்று கதவைத் திறந்தது.

ஆக, ஆபீஸ் கம்ப்யூட்டரும் சமையலறை அலமாரியில் சாய்ந்திருந்த டேப்லெட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. இவர் இங்கே எதைத் தேடினாலும் அது அங்கே தெரியும். அங்கே நினைவூட்டல் போட்டால் இங்கே மணியடிக்கும். இந்த ரகசியம் இவருக்குத் தெரியாது. இவர் முதல் வேலையாகத் தேடியது, "நாற்காலியில் கழுத்து வலிக்காமல் தூங்குவது எப்படி." அடுத்து, "நாளை இறுதி ஆட்டம் நேரலை." வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி இரண்டையும் படித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை எடுத்தாள்.

கணக்கர் கண்ணயரும் நேரம். டிங் என்றது கம்ப்யூட்டர்.

"நீங்கள் நெடுநேரமாக வேலை செய்யவில்லை."

தூக்கிவாரிப் போட்டது. கவனிக்கும் என்று அந்த டெக்னீஷியன் சொன்னாரே! அவசரமாக ஒரு கணக்கைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

டிங். "மேசை மேலிருந்து காலை எடுக்கவும்."

கணக்கருக்கு வியர்த்துவிட்டது. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அவர் கால் எங்கே இருக்கும் என்று தெரியாதா என்ன? ஆனால் பாவம், அவர் கம்ப்யூட்டரின் மேலும் கீழும் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தார்.

டிங். "சாப்பிட்ட டப்பாவைக் கழுவவும்." கழுவினார். டிங். "சோப்புப் போட்டு." மறுபடியும் போய்க் கழுவினார்.

மத்தியானத்துக்கு மேல் நீளமாக ஒன்று வந்தது.

"உங்கள் வலது தோள் இறுகியிருக்கிறது. பரிந்துரைக்கப்படும் பயிற்சி: சுவரைப் பார்த்து நின்று, கையை மேலும் கீழும் மெதுவாக அசைத்தல். கையில் எடை குறைந்த பொருள் இருப்பது நல்லது. உதாரணம்: பிரஷ். வீட்டில் செய்வது மேலும் நல்லது. பயிற்சி செய்யாதோர் விவரம் திங்களன்று மேலாளருக்குப் போகும்."

மேலாளர் என்ற சொல்லைப் பார்த்ததும் சபதம் சன்னல் வழியே குதித்துவிட்டது. அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வேறு வருகிறது. கணக்கர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"வேலையை மளமளன்னு முடிச்சுட்டேன். அந்தப் பிரஷ் எங்கே?"

"பிரஷ்ஷா? உங்களுக்கா? ஐயய்யோ, வேண்டாங்க. ஆபீஸ்ல மாடா உழைச்சுட்டு வந்திருக்கீங்க."

"கொடும்மா. தோளுக்கு நல்லது."

"அப்படின்னு யார் சொன்னாங்க?"

"சயின்ஸ் சொல்லுது. உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்கெங்கேங்க புரியப்போகுது!" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது.

சாயங்காலத்துக்குள் மூன்று சுவர் முடிந்தது. டிவிக்குப் பின்னால் இருக்கும் பெரிய சுவர்தான் பாக்கி. அப்போது டெக்னீஷியன் போனில் கூப்பிட்டார்.

"சார், உங்க மெஷின்ல வீட்டுக் கணக்கைப் போட்டிருக்கீங்க. யாரோ வீட்டு டேப்லெட்ல இருந்து நினைவூட்டலா போட்டுத் தள்ளியிருக்காங்க. டப்பா, சோப்பு, பிரஷ்னு என்னென்னமோ இருக்கு. அழிச்சுடட்டுமா?"

கணக்கர் ஏணியில் நின்றபடியே கல்லாகிவிட்டார். பிரஷ்ஷிலிருந்து சொட்டிய பெயின்ட் அவர் கால் கட்டைவிரலை வெள்ளையாக்கியது. கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. இரண்டும் அடங்கியபின், ரொம்ப வருஷத்துக்குப் பிறகு, ஒரு யோசனையும் வந்தது.

"அழிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அவள் கையாண்ட ஆயுதத்தை அவள் பக்கமே திருப்பினால்? மொட்டைமாடிக்குப் போய், செல்போனிலும் அதே வீட்டுக் கணக்கைத் திறந்தார். எழுத்துக் கூட்டித் தட்டினார்.

"அவசர எச்சரிக்கை. உங்கள் கணவரின் வலது தோள் மிகவும் களைத்துவிட்டது. நாளை முழு ஓய்வு தேவை. அவரை எழுப்பக் கூடாது. இப்படிக்கு, சிஸ்டம்."

சமையலறையில் டேப்லெட் டிங் என்றது. பிறகு மனைவி படியேறி வந்தாள். முகத்தில் அப்படியொரு கரிசனம்.

"என்னங்க, வலது தோள் வலிக்குதா?"

"கொஞ்சம்... உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே. வலது மட்டும்தானா?"

"வலதுதான். தூக்கவே முடியலைம்மா."

"இடது?"

"இடதுக்கு என்ன, அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு."

"பாவம். நாளைக்கு நான் எழுப்ப மாட்டேன். நல்லாத் தூங்குங்க."

கணக்கர் அன்று மகாராஜா மாதிரி படுத்தார். கல்யாணமானதிலிருந்து அவளை ஜெயித்தது இதுதான் முதல் தடவை. அதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல அவளை விட்டால் வேறு ஆள் இல்லாததால் போர்வைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை வெயில் முகத்தில் அடிக்கும்வரை யாரும் எழுப்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்! ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. சோம்பல் முறித்துக்கொண்டு, "வாழ்க சிஸ்டம்" என்று மனதார வாழ்த்தினார். செல்போன் டிங் என்றது.

"ஆய்வு முடிந்தது. வலது தோளுக்கு இன்று முழு ஓய்வு. இடது தோள் நன்றாக இருப்பதாக நீங்களே சொன்னீர்கள். பிரஷ் தலையணைக்கு இடப்பக்கம் இருக்கிறது."