ஈயச் சொம்பின் தன்வெப்பம்

மந்தைவெளி,
ஞாயிறு காலை.

சிரஞ்சீவி ஸ்ரீநாத்துக்கு, அத்திம்பேர் சுப்பராமன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா அபயாம்பாளும் சௌக்கியம். அடையாறில் நீயும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். என் போன் பெரும்பாலும் உன் அக்கா கையில் இருப்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் சஷ்டியப்தபூர்த்திக்கு நீ கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்த, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஈயமே இல்லை. கோபித்துக்கொள்ளாதே, கணக்கோடுதான் சொல்கிறேன். ரிடையரான பிறகு என் பழைய பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன், ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. அதில் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று ஒரு பாடம். பெயர்தான் வாயில் நுழையாது, சங்கதி சுலபம்: ஒரு கிராம் பொருள் ஒரு டிகிரி சூடேற எத்தனை கலோரி கேட்கிறது என்பது. தண்ணீர் முழுசாக ஒன்று கேட்கும், உலோகத்துக்குக் கொசுறு போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண், எண்ணை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். சும்மா இருப்பேனா? உன் அக்கா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, எண்ணூறு கிராம் சொம்பை இட்லிப் பானையில் கொதிக்கிற தண்ணீரில் முக்கி நூறு டிகிரிக்குக் கொண்டுவந்து, இடுக்கியால் தூக்கி, சப்பாத்தி ஹாட்பாக்கில் முப்பது டிகிரியில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீருக்குள் இறக்கினேன். முதல் தடவை இடுக்கி நழுவி, தண்ணீர் தெறித்து அடுப்பு அணைந்தது, இரண்டாம் தடவை ஜுர தெர்மாமீட்டர் உயிரை விட்டது, மூன்றாம் தடவை சமையல் தெர்மாமீட்டரில் 2.9 டிகிரி ஏறியது. சொம்பு விட்ட வெப்பம்தான் தண்ணீர் வாங்கிய வெப்பம். வகுத்தால் 0.054. புத்தக அட்டவணையில் ஈயம் என்று போட்டு 0.031!

அந்த நேரம் பார்த்து உன் அக்கா வந்துவிட்டாள்.

"என்னன்னா இது, சொம்பைக் குளிப்பாட்டிண்டிருக்கேள்?"

சொன்னேன்.

"எங்காத்துலேர்ந்து வந்ததை வேவு பாக்கறேளா? ரெண்டு தடவை கேட்டுக் கேட்டு ரசம் குடிச்சப்போ இந்தக் கணக்கு எங்க போச்சு?"

அன்றிலிருந்து அளந்துதான் பேசுகிறாள். சந்தேகப் பாத்திரம் வேண்டாம் என்று நான் உத்தரவு போட்டதால் பத்து நாளாக எவர்சில்வரில்தான் ரசம். ரசமா அது? எனக்கு அழுகையே வந்தது. ஆகவே நீ அந்தக் கடைக்காரனைப் பிடித்து, 0.031 கச்சிதமாக வருகிற சுத்தமான ஈயச் சொம்பாக மாற்றி வாங்கி வா. அவள் பழையபடி என்னோடு பேச வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுப்பராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், சாட்சிக்கு ஆகட்டும் என்று, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வலியுல்லா பாயிடம் சொம்பைக் காட்டினேன். "இன்னா சார், ஈயத்துல ரெண்டு கீது. பேட்டரில போடறது காரீயம், வெசம். ரசத்துக்கு வெள்ளீயம். உங்க புக்கு எத்த சொல்லுது?" என்றார். வீட்டுக்கு வந்து அட்டவணையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெள்ளீயம், 0.054. உன் சொம்பு அப்பழுக்கில்லாதது. நான் கேட்டதை மட்டும் வாங்கிவிடாதே, இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிடுவோம். உன் அக்காவிடம் சரணடைந்தேன். கடிதத்தை வாங்கிப் படித்து, "ஒரு எழுத்து மாத்தாம அனுப்புங்கோ, அவனும் சிரிக்கட்டும்" என்றாள். இன்று ஈயச் சொம்பில் ரசம் வைத்தாள், தனக்கு மட்டும். எனக்கு எவர்சில்வர்.