நிழல் சீட்டில் ஒரு பாட்டில்

ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் வரைக்கும் சூரியனையே சம்பளமில்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே மனுஷி எங்கள் பாசி மேடம்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கல்லூரி பஸ் ஓட்டுகிறேன். அவர் அதே கல்லூரியில் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசியை ஆராய்ச்சி செய்தவர். ஆய்வுக்கூடத்து விளக்குப் பெட்டி எரிந்துபோனதும், அழுதுகொண்டு உட்காராமல் என் பஸ்ஸையே விளக்காக்கிவிட்டார். எங்கள் ரூட்டில் காலையில் போனாலும் சாயங்காலம் திரும்பினாலும் வெயில் வலது பக்கம்தான். அங்கே ஒரு பாட்டில் பாசி. இடது பக்க நிழலில் இன்னொரு பாட்டில்.

வலது பக்க சீட்டுக்குப் போட்டி கிடையாது. நிழல் சீட்டுக்கோ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுகிற பையன்கள் அடிதடியே நடத்துவார்கள்.

"எந்திரிலே. அது பாட்டிலு சீட்டு."

"பாட்டிலுக்கு வேர்க்குமா மேடம்?"

"வேர்க்காது. நீ உக்காந்தா நான் இத்தன வருசம் வேர்த்தது வீணாப்போயிரும்."

பையன் எழுந்தான். துப்பட்டாவால் பாட்டிலை சீட்டோடு கட்டினார். ஸ்பீடு பிரேக்கர் வந்தால், "டிரைவரண்ணே, மெல்ல!" என்று பஸ்ஸே அதிரும். கர்ப்பிணியை ஏற்றியதுபோல ஓட்டினேன்.

இரண்டு பாட்டிலுக்கும் வித்தியாசம் காட்டாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே விட்டுவிட வேண்டும் என்று அவருடைய பேராசிரியர் கெடு வைத்திருந்தார். கெடுவுக்கு முந்தின நாள் பார்க்கிறேன், வெயில் பாட்டில் வெளுத்துக் கிடக்கிறது. நிழல் பாட்டில் கரும்பச்சையில் ஜம்மென்று இருக்கிறது. என்ஜின் சூடா? நான் போட்ட பிரேக்கா? வேலை போகுமா? போனால் பிள்ளைகள் படிப்பு?

"மேடம், ஒண்ணு செத்துப்போச்சு. சத்தியமா நான் குலுக்கல."

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தவர் பஸ்ஸுக்குள்ளேயே குதித்தார்.

"சாகலண்ணே, பெருகிருக்கு! நெறந்தான் வெளுப்பு, தண்ணி எப்படிக் கெட்டியாக் கெடக்கு பாருங்க. வெளிச்சந்தான் கொட்டிக்கிடக்கே, அதப் புடிக்க எதுக்கு அம்புட்டுப் பச்சை? அந்தச் செலவக் கொறச்சு, வளர்றதுல போட்டிருக்கு."

"அப்ப அந்தக் கரும்பச்சை?"

"அது பாவம். கெடைக்கிற துளி வெளிச்சத்தப் புடிக்கவே கையில இருக்குறத எல்லாம் பச்சையாக்கிருச்சு. பொறவு வளர என்ன மிச்சம் இருக்கும்? உங்கள மாதிரிதாண்ணே. என்ன வருமோ ஏது வருமோன்னு முழிச்சுப் பாக்குறதுலயே தெம்பு பூராத்தையும் செலவழிச்சிருதீக."

மறுநாள் இரண்டு பாட்டிலையும் இடுப்புக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குள் போனார். ஆராய்ச்சி பிழைத்தது.

பிறகு வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, அந்த நிழல் பாட்டிலை என் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்தார்.

"இனி இது வெயில்ல இருக்கட்டும்ணே. பழகிக்கிடும்."

கொஞ்ச நாளில் அதுவும் வெளுத்தது. நான் பயப்படவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் இன்னமும் கர்ப்பிணியை ஏற்றியதுபோலத்தான் ஏறி இறங்குகிறேன்.